எடோ நகரத்து ஓவியர்

தோற்றுவாய்

ஒரு நாட்டை ஆண்ட மன்னர்களின் வரலாற்றைப் பட்டயங்கள் உரைக்கும். போர்களின் வரலாற்றை ஏடுகள் உரைக்கும். ஆனால், அந்நாட்டு மக்கள் அன்றாடம் எவ்வாறு வாழ்ந்தனர், எத்தெருவில் மீன் விற்றனர், திடீரென மழை பெய்தபோது எவ்வாறு ஒதுங்க ஓடினர் என்பவற்றைப் பெரும்பாலும் அவை உரைப்பதில்லை. அவற்றைப் போற்றிக் காத்துப் பின்வருவோருக்கு அளிப்பவர்கள் கலைஞர்களே. ஜப்பான் நாட்டின் தலைநகராகிய டோக்கியோ, 1868ஆம் ஆண்டு வரை எடோ என்னும் பெயர் பூண்டிருந்தது. மரத்தால் எழுப்பிய அப்பழம்பெரு நகரம் தீயாலும் நிலநடுக்கத்தாலும் பன்முறை சிதைந்தது. ஆயினும், அதன் பாலங்களும் கடைத்தெருக்களும் அங்கு நடமாடிய எளிய மாந்தரும் இன்றும் உலகத்தார் கண்முன் நிற்பதைப் போலக் காட்சி தருகின்றனர். அக்காட்சியை உலகுக்கு வழங்கியவர்களுள் தலைசிறந்தவர் ஹிரோஷிகே என்னும் ஓவியர்.

எடோ நகரம்

ஹிரோஷிகே வாழ்ந்த காலத்தில் ஜப்பானின் பேரரசர் கியோட்டோ நகரில் வீற்றிருந்தார். நாட்டை ஆளும் அதிகாரமோ ஷோகன் எனப்படும் படைத்தலைவர் கையில் இருந்தது. அவருடைய கோட்டை எடோ நகரின் நடுவே அமைந்திருந்தது. நாட்டின் பல பகுதிகளை ஆண்ட குறுநிலத் தலைவர்கள் யாவரும் முறை வைத்து எடோவில் வந்து தங்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே, கொடிகளும் ஈட்டிகளும் ஏந்திய பரிவாரங்கள் நகருக்குள் வருவதும் போவதுமாக இருக்கும். அவர்களை நம்பி வணிகரும் கைவினைஞரும் கூத்தரும் பெருகினர். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எடோவின் மக்கள்தொகை பத்து இலட்சத்தை எட்டியது என்பர்.

இத்தகைய பெருநகருக்குத் தீயே கொடிய பகையாக இருந்தது. வீடுகள் மரத்தாலானவை, அறைகளைப் பிரிக்கும் கதவுகள் மரச்சட்டத்தில் தாள் ஒட்டியவை. குளிர்காலத்தில் வறண்ட காற்று வீசும். ஓர் அடுப்பில் தெறித்த பொறி ஒரு வட்டாரத்தையே சாம்பலாக்கிவிடும். 1657ஆம் ஆண்டில் மூண்ட பெருந்தீ நகரின் பெரும்பகுதியை விழுங்கிற்று; இலட்சம் பேர் மாண்டனர் என்று வரலாறு கூறும். அதற்கு மறு ஆண்டில் அரசாங்கம் தீயணைக்கும் படைகளை நிலையாக அமைத்தது. அப்படையினர் தங்கிய வளாகங்களில் உயர்ந்த காவற்கோபுரங்கள் நின்றன. அவற்றின்மீது இரவும் பகலும் காவலர் நின்று, எங்கேனும் புகை எழுகின்றதா என்று நகரைச் சுற்றிலும் நோக்கிய வண்ணம் இருப்பர்.

பிறப்பும் இளமையும்

கோட்டை அகழியை அடுத்த யாயோசு என்னும் இடத்தில் அத்தகைய தீயணைப்புப் படை ஒன்று இருந்தது. அதில் பணியாற்றிய அண்டோ குடும்பத்தில் 1797ஆம் ஆண்டில் ஹிரோஷிகே பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் டொக்குதாரோ என்பது. அவருடைய தந்தையார் படைமறவர் குலத்தைச் சேர்ந்தவர். குலத்தால் உயர்ந்திருந்தும் வருவாயால் எளியவர். அரசாங்கம் அளித்த சிறு மானியத்தைக் கொண்டே குடும்பம் காலந்தள்ளி வந்தது.

இளஞ்சிறுவனுக்கு ஓவியத்தில் இயல்பாகவே நாட்டம் இருந்தது. 1806ஆம் ஆண்டில், தெற்கேயுள்ள ரியூக்கியூத் தீவுகளிலிருந்து அரசத் தூதர்கள் எடோவுக்கு வந்தனர். அவர்களுடைய ஊர்வலத்தைச் சிறுவன் ஓவியமாகத் தீட்டினான். அவ்வோவியம் போற்றிக் காக்கப்பட்டு வந்துள்ளது. பத்து வயதுச் சிறுவன் தெருவில் கண்ட காட்சியை மறவாமல் தாளில் பதித்த அச்செயல், பின்னாளில் அவர் ஆற்றவிருந்த அரும்பணிக்குக் கால்கோளாக அமைந்தது.

இன்பம் நிறைந்த இளமை நெடுநாள் நீடிக்கவில்லை. 1809ஆம் ஆண்டில் அன்னை காலமானார். சில திங்களில் தந்தையாரும் மறைந்தார். பன்னிரண்டு வயதில் சிறுவன் பெற்றோர் இருவரையும் இழந்தான். தந்தையின் பணி மைந்தனைச் சேரும் என்பது அந்நாட்டு வழக்கம். எனவே, விளையாட வேண்டிய பருவத்தில் தீயணைப்புப் படைக் காவலர் பொறுப்பு அவன் தோளில் ஏறிற்று.

ஆசிரியரை அடைதல்

பணியின் சுமை இருந்தபோதிலும் ஓவியத்தின்மீது கொண்ட பற்றுக் குறையவில்லை. தீ இல்லாத நாட்களில் ஓய்வு கிடைத்தது. அவ்வோய்வை வீணாக்காது கலை பயில ஹிரோஷிகே விரும்பினார். அந்நாளில் உட்டகாவா என்னும் ஓவியமரபு எடோவில் பெரும்புகழ் பெற்று விளங்கிற்று. அம்மரபின் தலைவர்களுள் ஒருவரான டொயோக்குனி, நடிகர்களின் உருவங்களைத் தீட்டுவதில் வல்லவர். பதினான்கு வயது ஹிரோஷிகே அவரை நாடிச் சென்றார். டொயோக்குனியின் ஓவியக்கூடம் மாணவர்களால் நிறைந்திருந்தது. ஆதலின் அங்கு இடம் கிடைக்கவில்லை.

இளைஞர் உள்ளம் சோரவில்லை. அதே மரபைச் சேர்ந்த டொயோஹிரோ என்பவரிடம் சென்று வேண்டினார். டொயோஹிரோ அமைதியான இயல்பினர். இயற்கைக் காட்சிகளில் ஈடுபாடு உடையவர். அவர் 1811ஆம் ஆண்டில் ஹிரோஷிகேயை மாணவராக ஏற்றுக்கொண்டார். மாணவருக்கு ஆசிரியர் தம் பெயரின் ஒரு பகுதியை வழங்குவது அம்மரபின் வழக்கம். மறு ஆண்டிலேயே டொயோஹிரோ தம் பெயரிலுள்ள ஹிரோ என்னும் சொல்லை வழங்கினார். அன்று முதல் அவர் ஹிரோஷிகே ஆனார். புகழ்மிக்க கூடத்தில் இடம் கிடைக்காதது முதலில் இழப்பாகவே தோன்றியிருக்கும். ஆனால், ஆரவாரமற்ற ஆசிரியரிடம் சேர்ந்ததனால், மலையையும் நீரையும் மழையையும் உற்று நோக்கும் பயிற்சி அவருக்கு வாய்த்தது.

மர அச்சு ஓவியம்

ஹிரோஷிகே பயின்ற கலை, மர அச்சு ஓவியக் கலையாகும். இவ்வகை ஓவியங்களை ஜப்பானியர் உகியோயே என்பர். மிதந்து செல்லும் உலகின் ஓவியம் என்பது அச்சொல்லின் பொருள். கடைத்தெரு, கூத்தரங்கு, திருவிழா, பயணம் முதலிய நிலையற்ற அன்றாட வாழ்வே இவ்வோவியங்களுக்குப் பொருளாயிற்று.

ஓர் ஓவியம் உருவாக நால்வர் ஒருங்கே உழைக்கவேண்டும். முதலாவது பதிப்பாளர், இவரே பொருள் முதலீடு செய்து பணியை ஏற்பாடு செய்பவர். ஓவியர் மெல்லிய தாளில் கறுப்பு மையினால் கோட்டோவியம் வரைந்து கொடுப்பார். செதுக்குநர் அத்தாளைச் செர்ரி மரப் பலகையின்மீது கவிழ்த்து ஒட்டுவார். கோடுகள் மட்டும் புடைத்து நிற்குமாறு எஞ்சிய பகுதிகளை உளியால் செதுக்கி எடுப்பார். அப்போது ஓவியர் கைப்பட வரைந்த தாள் அழிந்துவிடும். கோடுகள் மரத்தில் உயிர் பெறும். பின்னர் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிப் பலகை செதுக்கப்படும்.

இறுதியில் பணி அச்சிடுவோர் கைக்கு வரும். அவர் பலகையின்மீது வண்ணத்தையும் அரிசிப் பசையையும் தூரிகையால் பரப்பி, ஈரமான தாளை அதன்மேல் வைத்து, மூங்கில் மடல் போர்த்த வட்டத் தட்டினால் தேய்ப்பார். இவ்வாறு ஒரே தாள் பல பலகைகளின்மீது மாறி மாறி வைக்கப்படும். தாள் இம்மியும் விலகாதிருக்க ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் அடையாள வெட்டுகள் இருக்கும். வானத்தின் உச்சியில் அடர்ந்து கீழே வரவர வெளிறும் நீலத்தை உண்டாக்குவதற்கு, அச்சிடுவோர் பலகையில் உள்ள வண்ணத்தை ஒவ்வொரு முறையும் துணியாலோ தூரிகையாலோ துடைத்து மென்மையாக்குவார். ஹிரோஷிகேயின் அந்திவானமும் ஆற்றுநீரும் இம்முறையினாலேயே அழகு பெற்றன.

இத்துணை உழைப்பில் உருவான ஓவியம் அரண்மனைக்கு மட்டும் உரியதாகவில்லை. ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆகும் விலையில் அது கடைகளில் விற்கப்பட்டது. வண்டியோட்டியும் தச்சரும் அதனை வாங்கி மகிழ்ந்தனர். ஊர் திரும்பும் பயணிகள் எடோவின் நினைவாக அதனை எடுத்துச் சென்றனர்.

நீண்ட காத்திருப்பு

கலை பயின்றவுடன் புகழ் வந்து சேரவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஹிரோஷிகே மற்ற ஓவியர்களைப் போலவே அழகிய மகளிரையும் நடிகர்களையும் தீட்டிவந்தார். 1823ஆம் ஆண்டில் தீயணைப்புப் பதவியைத் தம் குடும்பத்தினர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தார். எனினும் சில ஆண்டுகள் அவருக்குத் துணையாக அப்பணியைப் பார்த்து வந்தார். 1828ஆம் ஆண்டில் ஆசிரியர் டொயோஹிரோ மறைந்தார்.

அக்காலத்தில் ஓவிய உலகில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. ஐரோப்பாவிலிருந்து பிரஷ்ய நீலம் என்னும் வண்ணம் ஜப்பானில் மலிவாகக் கிடைக்கலாயிற்று. எளிதில் வெளிறாத அந்நீலம் வானையும் நீரையும் தீட்டுவதற்கு மிகவும் ஏற்றது. ஹொக்குசாய் என்னும் முதிய ஓவியர் அதனைக் கையாண்டு பியூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகளைத் தீட்டினார். இயற்கைக் காட்சி ஓவியங்களை வாங்க மக்கள் விரைந்தனர். தம் உள்ளத்துக்கு உகந்த துறை எது என்பதை ஹிரோஷிகேயும் கண்டுகொண்டார்.

பெருவழிப் பயணம்

எடோவையும் கியோட்டோவையும் இணைத்த கடற்கரைப் பெருவழி டோக்கைடோ என வழங்கியது. அவ்வழியில் ஐம்பத்து மூன்று தங்குமிடங்கள் இருந்தன. ஷோகன் ஆண்டுதோறும் பேரரசருக்குக் குதிரைகளைக் காணிக்கையாக அனுப்புவார். 1832ஆம் ஆண்டில் அக்குழுவினருடன் ஹிரோஷிகேயும் சென்றார் என்று வழிவழியாகக் கூறுவர். அதனை அடுத்து அவர் தீட்டிய டோக்கைடோ ஓவியத்தொகுதி 1833, 1834ஆம் ஆண்டுகளில் ஹொயேய்டோ என்னும் பதிப்பகத்தின் வாயிலாக வெளிவந்தது. புறப்படும் இடம், சேரும் இடம் ஆகிய இரண்டையும் சேர்த்து அதில் ஐம்பத்தைந்து ஓவியங்கள் உள்ளன.

முதல் ஓவியமே அவருடைய நோக்கை நன்கு புலப்படுத்தும். அது எடோவின் நடுவிலிருந்த நிஹொன்பாஷிப் பாலத்தின் காலைக் காட்சி. கீழ்வானம் சிவந்துள்ளது. பாலத்தின் வளைவின்மேல் குறுநிலத் தலைவர் ஒருவரின் பரிவாரம் ஏறி வருகின்றது. வேறோர் ஓவியர் அப்பரிவாரத்தையே பெரிதாகத் தீட்டியிருப்பார். ஹிரோஷிகேயோ பாலத்தின் முன்புறத்தில் மீன்கூடைகளைக் காவடியாகச் சுமந்த விற்பனையாளர்களை நிறுத்தினார். மற்றொரு மூலையில் தெருநாய்களையும் காட்டினார். தலைவரின் முகம் ஓவியத்தில் இல்லை. விடியலில் கடைவீதிக்கு வந்து திரும்பும் உழைப்பாளிகளே முன்னிற்கின்றனர். இத்தொகுதி ஹிரோஷிகேயின் பெயரை நாடெங்கும் பரப்பியது. அதன் பின்னர் அவர் ஆயிரக்கணக்கான ஓவியங்களைத் தீட்டினார்.

நிலநடுக்கம்

ஹிரோஷிகேயின் ஐம்பத்தெட்டாம் வயதில் எடோவுக்குப் பேரிடர் வந்தது. 1855ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் இரவு நிலம் அதிர்ந்தது. வீடுகள் சரிந்தன. கவிழ்ந்த அடுப்புகளிலிருந்தும் விளக்குகளிலிருந்தும் பல இடங்களில் தீ மூண்டது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். இளமையில் எந்தத் தீயிலிருந்து நகரைக் காக்கும் பணியை ஏற்றிருந்தாரோ, அதே தீ நகரை வாட்டுவதை முதுமையில் அவர் காண நேர்ந்தது.

மறு ஆண்டில் ஹிரோஷிகே தலையை மழித்துப் பௌத்த துறவு நெறியை மேற்கொண்டார். துறவு பூண்டபோதும் தூரிகையைத் துறக்கவில்லை. அதே ஆண்டில் தம் வாழ்நாளின் தலைசிறந்த பணியைத் தொடங்கினார். எடோவின் நூறு புகழ்மிகு காட்சிகள் என்பது அத்தொகுதியின் பெயர். உவோயா எய்க்கிச்சி என்னும் பதிப்பாளர் அதனை வெளியிட்டார். நூறு எனப் பெயர் பெற்றிருந்தும், மக்களின் வரவேற்பினால் அது 119 காட்சிகளாக வளர்ந்தது. அவற்றுள் ஒன்று, ஹிரோஷிகேயின் மறைவுக்குப் பின் அவருடைய மாணவர் தீட்டியது.

இத்தொகுதியில் இடிபாடுகளைக் காண இயலாது. அசக்குசா என்னும் பகுதியிலுள்ள கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம் நிலநடுக்கத்தில் நிலைகுலையவில்லை. அதன் உச்சியில் இருந்த உலோகத் தூண் மட்டும் வளைந்துவிட்டது. 1856ஆம் ஆண்டில் வெளிவந்த ஓவியத்தில் அத்தூண் நேராக நிமிர்ந்து நிற்கின்றது. முன்னால் பெரிய சிவப்பு விளக்குத் தொங்குகின்றது. எங்கும் வெண்பனி படர்ந்துள்ளது. குடை பிடித்த மக்கள் கோயிலை நோக்கிச் செல்கின்றனர். நகரம் மீண்டும் தலைநிமிர்ந்தது என்னும் நற்செய்தியை அவ்வோவியம் எடோ மக்களுக்கு எடுத்துரைத்தது எனலாம்.

நகர வாழ்வின் காட்சிகள்

இத்தொகுதியின் ஓவியங்கள் விரைந்து புரட்டிச் செல்வதற்கு உரியன அல்ல. அவற்றை அருகிலும் தொலைவிலும் மாறி மாறி நோக்கவேண்டும். அவ்வாறு நோக்குவோருக்கே அவற்றின் அழகு முழுவதும் புலனாகும்.

சுருகாச்சோ என்னும் தெருவின் காட்சி ஒன்று உள்ளது. இருபுறமும் எச்சிகோயா என்னும் புகழ்பெற்ற துணிக்கடையின் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. கடனுக்கு விற்காமல், குறித்த விலையில் ரொக்கத்துக்கே விற்கும் முறையைக் கையாண்டு பெயர்பெற்ற கடை அது. தெருவில் மக்கள் திரளாக நடக்கின்றனர். தெருவின் முடிவில், மேகப்படலத்துக்கு மேலே, பியூஜி மலை வெண்ணிற முடியுடன் விளங்குகின்றது. கீழே வாணிகத்தின் பரபரப்பு. மேலே மலையின் அமைதி. இரண்டும் ஒரே தாளில் ஒன்றுக்கொன்று அழகு செய்கின்றன.

சாயக்காரர் தெருவைத் தீட்டிய ஓவியத்தில் உயர்ந்த மரச்சட்டங்களிலிருந்து நீண்ட துணிகள் தொங்குகின்றன. நீலமும் வெண்மையுமான அத்துணிகளின் இடையே பியூஜி மலை சிறியதாகத் தோன்றுகின்றது. உற்று நோக்கினால், வெண்துணிகளின்மேல் பதிப்பாளர் பெயரின் எழுத்தும் ஹிரோஷிகே பெயரின் சின்னமும் இருப்பதைக் காணலாம். கைவினைஞரின் துணியில் தம் பெயரைப் பொறித்ததன் மூலம், ஓவியரும் தம்மை அவர்களுள் ஒருவராக ஆக்கிக்கொண்டார்.

கூத்தரங்குகள் நிறைந்த சருவாக்காத் தெருவின் இரவுக் காட்சியும் குறிப்பிடத்தக்கது. முழுநிலவு வானில் ஒளிர்கின்றது. தெருவில் நடப்போர் ஒவ்வொருவருடைய நிழலும் தரையில் விழுந்திருக்கின்றது. பழைய ஜப்பானிய ஓவியங்களில் நிழலைத் தீட்டும் வழக்கம் மிக அரிது. இங்கோ நிழல்களே நிலவின் ஒளியை உணர்த்துகின்றன.

நிஹொன்பாஷிக் கடைவீதியின் கோடைக் காட்சியில் முகங்களைக் காண்பது அரிது. ஓவியர் மேலிருந்து நோக்குவதால் குடைகளும் தொப்பிகளும் முகங்களை மறைக்கின்றன. பெரிய குடை ஒன்றின் கீழ்க் கூத்தாடிகள் செல்கின்றனர். ஷாமிசென் என்னும் மூன்று நரம்புக் கருவியை ஏந்திய பெண் பின்தொடர்கின்றாள். உணவுப் பெட்டிகளைச் சுமந்து ஒருவன் விரைகின்றான். ஒருபுறம் முலாம்பழக் கடை. முகம் தெரியாதபோதும் அவரவர் தொழிலும் வேகமும் நன்கு தெரிகின்றன. உயரத்திலிருந்து நகரை உற்று நோக்குவது தீக்காவலரின் கடமை. புகையைத் தேடுவதற்குப் பழகிய பார்வை இவ்வோவியத்தில் மக்களின் வாழ்வைத் தேடிக் கண்டது.

மனிதர் எவரும் இல்லாத ஓவியமும் ஒன்று உண்டு. மாடி அறையின் சாளரத் திண்டில் வெள்ளைப் பூனை ஒன்று அமர்ந்து வெளியே நோக்குகின்றது. அருகில் நீர்க்கிண்ணமும் கைத்துண்டும் உள்ளன. வெளியே அந்திவானத்தில் பறவைகள் பறக்கின்றன. தொலைவில் வயல்களின் இடையே திருவிழாவுக்குச் செல்லும் மக்கள் கூட்டம் சிறு புள்ளிகளாகத் தெரிகின்றது. ஆரவாரம் வெளியே, அமைதி உள்ளே. அறையில் வாழ்பவரைக் காட்டாமலேயே அங்கு ஒருவர் வாழ்கின்றார் என்பதை ஓவியர் உணர்த்திவிடுகின்றார்.

இவை யாவற்றினும் புகழ்பெற்றது 1857ஆம் ஆண்டில் தீட்டிய திடீர் மழை ஓவியம். சுமிதா ஆற்றின் குறுக்கே ஷின்-ஓஹாஷி என்னும் மரப்பாலம் வளைந்து செல்கின்றது. மேலே கருமேகம் கவிந்துள்ளது. மழை நேரிய மெல்லிய கோடுகளாகப் பொழிகின்றது. பாலத்தின்மேல் சிலர் குடைக்குள் ஒடுங்குகின்றனர். சிலர் வைக்கோற் போர்வைக்குள் குனிந்து விரைகின்றனர். எதிர்க்கரை மழைத்திரையில் மங்கிக் கிடக்கின்றது. ஆற்றில் ஒருவன் மட்டும் மரத்தெப்பத்தைத் தனியாகச் செலுத்திக்கொண்டிருக்கின்றான். ஒதுங்குவதற்கு அவனுக்கு இடமில்லை. ஆயினும் தன் தொழிலை அவன் விடவில்லை. ஓராயிரம் நாட்களில் ஒரு நாள், ஒரு நாளில் ஒரு நாழிகையும் நீடிக்காத மழை இது. அதனை வரலாற்று நிகழ்ச்சியாக எவரும் எழுதிவைத்திருக்க மாட்டார். மயிரிழை போன்ற அம்மழைக் கோடுகள் ஒவ்வொன்றையும் செதுக்குநர் மரத்தில் புடைக்கச் செய்தார் என்பதை எண்ணும்போது அவருடைய கைத்திறனும் வியப்பளிக்கின்றது. கருமேகத்தின் கரைந்த விளிம்பில் அச்சிட்டவரின் கை தெரிகின்றது. இவ்வாறு ஓர் ஓவியத்தில் பலருடைய உழைப்பைக் கண்டு போற்றுவதே அதனை முழுமையாகச் சுவைப்பதாகும்.

மறைவு

1858ஆம் ஆண்டில் எடோவில் காலரா நோய் பரவிப் பெருந்தொகையானோரைக் கொள்ளை கொண்டது. அவ்வாண்டின் அக்டோபர் 12ஆம் நாள் ஹிரோஷிகே இயற்கை எய்தினார். நாடறிந்த ஓவியராக இருந்தும் அவர் செல்வம் சேர்க்கவில்லை. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் எழுதிய உயிலில், வீட்டை விற்றேனும் கடனைத் தீர்க்குமாறு பணித்தார். பிறர் பொருளைத் திருப்பிச் செலுத்தாமல் உலகைவிட்டுச் செல்ல அவர் மனம் ஒப்பவில்லை. அசக்குசாவிலிருந்த கோயில் ஒன்றில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவருடைய நினைவைப் போற்றும் உருவப்படம் ஒன்று அதே ஆண்டில் வெளிவந்தது. மழித்த தலையும் அமைதி தவழும் முகமுமாக ஹிரோஷிகேயை அப்படம் காட்டுகின்றது. அதனைத் தீட்டியவர் குனிசடா என்பவர். ஹிரோஷிகேக்கு இளமையில் இடம் கொடுக்க இயலாத டொயோக்குனியின் மாணவர் அவர். ஆசிரியரின் பெயரையும் ஏற்றிருந்தவர். ஒரு காலத்தில் திறவாத கதவு, இறுதியில் புகழ்மாலையுடன் திறந்தது.

உலகப் புகழ்

1854ஆம் ஆண்டில் ஜப்பான் அமெரிக்காவுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் பின்னர் மேலைநாட்டு வாணிகம் பெருகிற்று. ஜப்பானிய மர அச்சு ஓவியங்கள் ஐரோப்பாவை அடைந்தன. பாரிஸ் நகரில் வறுமையில் வாழ்ந்த வின்சென்ட் வான்கோ என்னும் ஓவியர் அவற்றை விரும்பிச் சேர்த்தார். 1887ஆம் ஆண்டில் எடோத் தொகுதியிலுள்ள திடீர் மழை ஓவியத்தையும், கமெய்டோ என்னும் இடத்துப் பூந்தோட்ட ஓவியத்தையும் எண்ணெய் வண்ணத்தில் தம் கையால் படியெடுத்தார். அப்படிகள் ஆம்ஸ்டர்டாம் நகரில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் உள்ளன. ஹிரோஷிகேயின் எடோத் தொகுதி முழுவதும் நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் பேணப்பட்டு வருகின்றது. எடோத் தெருவில் சிற்றுண்டியின் விலைக்கு விற்ற தாள், உலகம் போற்றும் கருவூலம் ஆயிற்று.

ஹிரோஷிகே தீட்டிய நகரமோ நிலைக்கவில்லை. 1868ஆம் ஆண்டில் அதன் பெயர் மாறியது. நிஹொன்பாஷியின் மரப்பாலம் இருந்த இடத்தில் 1911ஆம் ஆண்டில் கற்பாலம் எழுந்தது. 1923ஆம் ஆண்டுப் பெரும் நிலநடுக்கத்துக்குப் பின், பாலத்தருகே பல நூற்றாண்டுகளாக நடந்துவந்த மீன்சந்தை அங்கிருந்து அகன்றது. 1945ஆம் ஆண்டின் வான்வழித் தாக்குதலில் நகரின் பெரும்பகுதி எரிந்தது. அசக்குசாவின் ஐந்தடுக்குக் கோபுரமும் அப்போது தீக்கிரையாயிற்று. இன்றுள்ள கோபுரம் 1973ஆம் ஆண்டில் புதிதாகக் கட்டி முடித்தது.

முடிவுரை

கல்லும் மரமும் அழிந்தன. மெல்லிய தாள் எஞ்சியது. பன்னிரண்டு வயதில் பெற்றோரை இழந்து, தீயிலிருந்து நகரைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் ஹிரோஷிகே. எந்தக் காவலராலும் ஒரு நகரை என்றென்றும் காத்துவிட இயலாது. ஆனால், மீன் விற்பவரையும் தெப்பம் செலுத்துபவரையும் சாயத்துணி உலர்த்துபவரையும் அன்புடன் நோக்கிய அவருடைய கண்கள், தீயும் தீண்ட இயலாதபடி அந்நகரைக் காத்துவிட்டன. அரிய காட்சிகளைத் தேடி நெடுந்தொலைவு செல்வோர் பலர். தாம் பிறந்த ஊரின் தெருவையே அரிய காட்சியாகக் கண்டவர் ஹிரோஷிகே. எளிய மக்களின் அன்றாட வாழ்வில் அழகைக் காணும் உள்ளம் உடையோர் உலகில் உள்ளவரை அவர் புகழ் நிலைத்து நிற்கும்.